ஒரு கல் எவ்வளவு ஆழம் போய் வந்தது? மலைத்தொடர்களின் அடிப்பாறைகளும் அவற்றின் அழுத்த–வெப்ப வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பரங்கிமலையில் கரும்பச்சை நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் சார்னோக்கைட் என்ற பாறை இருக்கிறது. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிகளில் பல காலம் புளூ மெட்டல் ஜல்லியாக உடைபட்டதும் அதே பாறைதான். கிட்டத்தட்ட 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அது இன்றைய வடிவத்தை எடுத்தது. இதைச் சொன்னதும் கேட்பவர்களிடமிருந்து அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். அப்படி என்னிடம் அடிக்கடி வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நிலவியல் படிக்காதவரும் தொடர்ந்து வரும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

உயர்நிலை உருமாற்றம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கடலடியில் படிந்த களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது புதைந்து சூடேறும்போது முதலில் பலகைக்கல் ஆகும். அப்புறம் காக்காப்பொன் மினுங்கும் சிஸ்ட் பாறை. இன்னும் சூடேறினால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட நைஸ் பாறை. கடைசியில் கிராணுலைட். இத்தனையும் பாறை முழுசாக உருகாமலேயே நடக்கிறது. வேதிச் சேர்க்கை பெரும்பாலும் அதேதான், தனிமங்கள் மட்டும் கைமாறிப் புதிய கனிமங்களாக அமைகின்றன.

இந்த வரிசையை முதலில் வரைபடத்தில் காட்டியவர் ஜார்ஜ் பாரோ. 1893-இல் ஸ்காட்லாந்து மலைகளில் நடந்து, எந்த இடத்தில் எந்தக் கனிமம் முதலில் தலைகாட்டுகிறது என்று குறித்தார். பிறகு 1915-இல் பின்லாந்தின் பென்ட்டி எஸ்கோலா, ஒரே அழுத்த–வெப்ப வரம்புக்குள் இருந்த பாறைகளை ஒரு குடும்பமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தக் குடும்பங்களில் கிராணுலைட்டுக்குரியது சுமார் 700–750 டிகிரிக்கு மேல் தொடங்குகிறது. 900 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தனிப் பெயரே உண்டு: மீவெப்ப உருமாற்றம். கண்டப் பாறை சாதாரணமாக எட்டக்கூடிய சூடு அல்ல அது. அப்படிப்பட்ட பாறைகள் பழனி மலைப் பகுதியிலும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இருக்கின்றன.

கிலோபார் என்றால் எவ்வளவு? ஆழமாகச் சொல்ல முடியுமா?

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் அளவு. ஒரு கிலோபார் என்பது 1000 பார். மேலே ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் பாறை அடுக்கு உட்கார்ந்தால் அடியில் அந்த அழுத்தம் வரும். ஆகவே 10 கிலோபார் என்று படித்தால் 37 கிலோமீட்டர் ஆழம் என்று மனதுக்குள் மாற்றிக்கொள்ளலாம். சாதாரணக் கண்டத்தின் மேலோடு மொத்தமே 35–40 கிலோமீட்டர்தான். அதாவது கிராணுலைட் பாறை நம் காலடிக்கு வந்திருக்கிறது என்றால், மேலோட்டின் நடுப்பகுதியோ அடிப்பகுதியோ மேலே வந்துவிட்டது என்று பொருள்.

சரி, ஆழத்தில் தெர்மாமீட்டர் யாரும் வைக்கவில்லையே. எப்படி அளக்கிறார்கள்?

கனிமங்களே அளவுகோல். மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

எளிதானது, எந்தக் கனிமம் இருக்கிறது என்று பார்ப்பது. கயனைட், ஆண்டலூசைட், சில்லிமனைட் மூன்றுக்கும் வேதிச் சேர்க்கை அச்சு அசலாக ஒன்றே. அணுக்களை அடுக்கிய விதம்தான் வேறு. அடர்த்தி கூடிய கயனைட்டுக்கு அழுத்தம் பிடிக்கும். சில்லிமனைட்டுக்குச் சூடு பிடிக்கும். ஆண்டலூசைட் குறைந்த அழுத்தத்தில்தான் வாழும். மூன்றும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரே புள்ளி ஏறத்தாழ 500 டிகிரி, 4 கிலோபார். கையில் இருக்கும் கல்லில் நீலக் கத்தி போன்ற கயனைட் இருக்கிறதா, வெள்ளை ஊசி போன்ற சில்லிமனைட் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி, இரண்டு கனிமங்கள் தனிமங்களை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்று பார்ப்பது. சிவப்புக் கனிமமான கார்னெட்டும் கறுப்புக் காக்காப்பொன்னான பயோடைட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரும்பையும் மக்னீசியத்தையும் பரிமாறிக்கொள்ளும். சூடு குறைவாக இருக்கும்போது இரும்பு பிடிவாதமாகக் கார்னெட் பக்கம் போகும். சூடு ஏற ஏற அந்தப் பிடிவாதம் தளரும். எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது வெப்பமானி. அழுத்தத்துக்கு வேறு ஜோடி வேண்டும். நெரிசலான பஸ்ஸில் எல்லோரும் ஒடுங்கி நிற்பதுபோல, அழுத்தம் கூடும்போது பாறையும் இடம் குறைவாக எடுக்கும் ஏற்பாட்டுக்கு மாறுகிறது. பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமத்தில் உள்ள கால்சியம், கார்னெட்டுக்குள் குடியேறினால் மொத்தக் கன அளவு குறையும். ஆகவே கார்னெட்டில் கால்சியம் எவ்வளவு, ஃபெல்ட்ஸ்பாரில் எவ்வளவு என்று அளந்தால், கூடவே குவார்ட்ஸும் (நம் ஊர் வெங்கச்சங்கல்) சில்லிமனைட்டோ கயனைட்டோ இருந்தால், அழுத்தம் கிடைத்துவிடும்.

அளப்பது எப்படி? பாறையை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். அந்தச் சீவல் வழியே ஒளி புகும். முதலில் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பிறகு எலக்ட்ரான் மைக்ரோப்ரோப் கருவியில் ஒரு மைக்ரான் அளவுப் புள்ளிகளில் வேதிச் சேர்க்கையைப் படிப்பார்கள்.

மூன்றாவது வழி கணினி. முழுப் பாறையின் வேதிச் சேர்க்கையைக் கொடுத்தால், ஒவ்வொரு அழுத்த–வெப்ப நிலையிலும் எந்தக் கனிமக் கூட்டம் நிலையாக இருக்கும் என்று வெப்ப இயக்கவியல் தரவுகளை வைத்துக் கணக்கிட்டு ஒரு வரைபடம் தரும். 1980களின் இறுதியிலிருந்து இது வளர்ந்து, இன்று தெர்மோகால்க், பெர்ப்பிள் எக்ஸ் போன்ற நிரல்கள் இல்லாமல் யாரும் வேலை செய்வதில்லை. எல்லாம் சேர்த்தும் பிழை எல்லை சுமார் 50 டிகிரியும் 1 கிலோபாரும் இருக்கும். ஆழத்தில் அது 3–4 கிலோமீட்டர் முன்னே பின்னே. கட்டுரைகளில் 847 டிகிரி என்று எழுதியிருந்தால் அந்தக் கடைசி 7-ஐ நம்ப வேண்டாம்.

பாதை, பாதை என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு பாறை 9 கிலோபார், 850 டிகிரியில் இருந்தது என்பது ஒரு நிழற்படம் மாதிரி. அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று நிழற்படத்தில் தெரியாது. கிடைமட்டத்தில் வெப்பநிலையையும் செங்குத்தில் அழுத்தத்தையும் வைத்து, பாறை கடந்த நிலைகளைக் கோடாக இழுத்தால் அதுதான் அழுத்த–வெப்பப் பாதை. ஒரு மலைத்தொடர் எப்படிக் கட்டப்பட்டது, எப்படிக் கலைந்தது என்பது அந்தக் கோட்டின் வடிவத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்று புரிய வேண்டும். அழுத்தம் உடனே ஏறும், சூடு தாமதமாகத்தான் ஏறும். இரண்டு கண்டங்கள் மோதி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது, அடியில் மாட்டிய பாறையின் அழுத்தம் எடை ஏறிய கணமே கூடிவிடுகிறது. சூடோ பாறைக்குள் ஊர்ந்துதான் பரவ வேண்டும். கோடையில் கோயில் பிரகாரத்துக் கருங்கல் தளத்தை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு வெயில் விழுந்தும் கால் பொறுக்கும். சூரியன் மறைந்த பிறகும் கால் சுடும். கல்லுக்குச் சூட்டை வாங்கவும் நேரம் வேண்டும், விடவும் நேரம் வேண்டும்.

கணக்காகவே பார்க்கலாம். பாறையில் வெப்பம் பரவும் திறன் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர். தடிமனின் வர்க்கத்தை இதனால் வகுத்தால் நேரம் வரும். 7 கிலோமீட்டர் பாறையை வெப்பம் கடக்கச் சுமார் 15 லட்சம் ஆண்டு. 35 கிலோமீட்டர் என்றால் ஐந்து மடங்கு தடிமன், ஆனால் இருபத்தைந்து மடங்கு நேரம்: கிட்டத்தட்ட 4 கோடி ஆண்டு. கண்டத் தட்டுகளோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. 35 கிலோமீட்டர் மேலேற அவற்றுக்குச் சில பத்து லட்சம் ஆண்டே போதும். மலை கட்டி முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் அதன் அடிவேர் சூடேறி முடிக்கும்.

அதற்குள் மேலே மழையும் ஆறும் மலையை அரிக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே பாறையின் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுக் குறைய ஆரம்பித்த பிறகும் வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் கோடு முதலில் மேலே போகும், பிறகு வலப்பக்கம் வளையும், அப்புறம் கீழே இறங்கி இடப்பக்கம் திரும்பும். கடிகார முள் சுற்றும் திசை. கண்டங்கள் மோதி உண்டான மலைத்தொடர்களுக்கு இதுவே அடையாளம். 1984-இல் பிலிப் இங்கிலாந்தும் ஆலன் தாம்ப்சனும் இதைக் கணித மாதிரியாகச் செய்து காட்டினார்கள். சில நூல்கள் அழுத்தத்தைக் கீழ்நோக்கி வரைகின்றன. அங்கே அதே பாதை எதிர்த்திசையில் சுற்றுவதுபோலத் தெரியும், எனவே அச்சைப் பார்க்காமல் திசையைச் சொல்லிவிடக் கூடாது.

எதிர்த்திசைப் பாதைகளும் உண்மையிலேயே உண்டு. அடியிலிருந்து எரிகுழம்பு வந்து மேலோட்டின் கீழே தேங்கினால் முதலில் சூடு ஏறும், அதன் எடையால் அழுத்தம் பிறகு ஏறும். மோதலின் கதையும் எரிகுழம்பின் கதையும் உச்ச எண்களில் ஒன்றுபோல இருக்கலாம். பாதையில்தான் பிரிந்து தெரியும்.

திசை எப்படித் தெரியும்? கல்லில் அம்புக்குறியா போட்டிருக்கிறது?

ஏறக்குறைய அப்படித்தான். பாதியில் நின்றுபோன வேதிவினைகளே அந்த அம்புக்குறி.

நுண்ணோக்கியில் ஒரு கார்னெட் மணியைப் பார்க்கிறோம். அதைச் சுற்றி, விரல் ரேகை மாதிரி நெளிந்த மெல்லிய இழைகளாக ஆர்த்தோபைராக்சீன் என்ற பழுப்புக் கனிமமும் பிளாஜியோகிளேஸும் பின்னிக் கிடக்கின்றன. கார்னெட் அழுத்தத்தை விரும்பும் கனிமம். அழுத்தம் சரிந்ததும் தாக்குப்பிடிக்க முடியாமல் ஓரத்திலிருந்து சிதைந்து இந்த இழைகளாகியிருக்கிறது. சூடு குறையும் முன்பே பாறை வேகமாக மேலே வந்தது என்பதற்கு இது சாட்சி. களிமண்ணிலிருந்து வந்த பாறைகளில் கார்னெட்டும் சில்லிமனைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து கார்டியரைட் என்ற கனிமமாக மாறுவதும் இதே கதையைச் சொல்கிறது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. பைராக்சீனுக்கும் பிளாஜியோகிளேஸுக்கும் நடுவே புதிதாகக் கார்னெட் மாலை கட்டியிருக்கும். இது ஆழம் மாறாமல் அங்கேயே இருந்து ஆறிய பாறை. 1989-இல் சைமன் ஹார்லி உலகக் கிராணுலைட்டுகளைத் தொகுத்தபோது இந்த இரண்டு வகைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: சூடு மாறாமல் அழுத்தம் இழந்தவை, அழுத்தம் மாறாமல் சூடு இழந்தவை.

ஏறிய வழிக்குச் சாட்சி கிடைப்பது அரிது. உச்ச சூடு பழைய கனிமங்களைத் துடைத்துவிடும். ஆனால் வளரும் கார்னெட் சில சமயம் பக்கத்தில் இருந்ததை விழுங்கி உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்ளும். சில்லிமனைட் நிறைந்த பாறையில் கார்னெட்டின் நடுவில் மட்டும் ஒரு துண்டு கயனைட் இருந்தால், அந்தப் பாறை முன்பு கூடுதல் அழுத்தத்திலோ குறைந்த சூட்டிலோ இருந்திருக்கிறது. இப்படி ஒரு துண்டைச் சீவலில் கண்டுபிடிக்கும் நாள் என்றால் எனக்கு அன்று சாப்பாடே மறந்துபோகும்.

மேலே வரும்போது பாறை மறுபடியும் களிமண்ணாக மாறாதது ஏன்? 800 டிகிரியில் உருகியிருக்க வேண்டாமா?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே: தண்ணீர்.

காக்காப்பொன் போன்ற கனிமங்களின் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது. சூடேறும்போது, சுமார் 650–700 டிகிரியில் வெள்ளைக் காக்காப்பொன்னும், 750–850 டிகிரி வாக்கில் பயோடைட்டும் உடைந்து அந்தத் தண்ணீரை விடுகின்றன. அது பாறையின் ஒரு பகுதியை உருக்குகிறது. ஆக, உருகத்தான் செய்கிறது. ஆனால் பகுதி மட்டும். நைஸ் பாறைகளில் நெளிந்து ஓடும் வெள்ளைப் பட்டைகள் பலவும் அப்படி உருகி உறைந்தவை. இந்த உருகல் தண்ணீரையும் தன்னோடு எடுத்துக்கொண்டு மேலே நழுவிவிடுகிறது. மேலே போய்த் தேங்கியது கிரானைட். கீழே மிஞ்சியது உலர்ந்த கிராணுலைட்.

திரும்பி ஆறும்போது பழைய கனிமங்கள் உருவாகத் தண்ணீர் வேண்டும். அதுதான் போய்விட்டதே. வினை நடக்க வழியில்லாமல், உச்ச சூட்டின் கனிமங்கள் அப்படியே உறைந்து நமக்குக் கிடைக்கின்றன. உருகல் வெளியேறாமல் அங்கேயே உறைந்திருந்தால் இந்தப் பாறைகளின் வரலாறு நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். சாம்பல் நிற நைஸ் பாறையில், விரிசல்களின் ஓரமாகத் திட்டுத் திட்டாகக் கரும்பச்சைச் சார்னோக்கைட் பரவியிருக்கிறது. 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து இதை எடுத்துக்காட்டினார். கார்பன்-டை-ஆக்சைடு நிறைந்த பாய்மம் ஊடுருவி தண்ணீரின் செல்வாக்கைக் குறைத்ததால் இப்படி ஆனது என்பது பரவலான விளக்கம். கேரளத்தின் பொன்முடியிலும் இதே போன்ற திட்டுகள் உண்டு.

இந்த வெப்பமானிகள் தவறு காட்டுமா?

காட்டும். கிராணுலைட் விஷயத்தில் அடிக்கடி காட்டும். இரும்பும் மக்னீசியமும் சூட்டில் சுலபமாக நகர்பவை. பாறை 900 டிகிரியிலிருந்து மெதுவாக ஆறும்போதும் கார்னெட்டும் பயோடைட்டும் பரிமாற்றத்தை நிறுத்துவதில்லை. 650–700 டிகிரி வந்த பிறகுதான் நிற்கின்றன. நாம் அளப்பது அந்த நின்ற இடத்தை. பல பழைய கட்டுரைகள் நம் தென்னிந்தியப் பாறைகளுக்கு 700–750 டிகிரி என்று எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மெதுவாக நகரும் தனிமங்களைத் தேடுகிறார்கள். ஆர்த்தோபைராக்சீனில் எவ்வளவு அலுமினியம் நுழைந்தது, ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தில் எவ்வளவு சிர்கோனியம், ஆறும்போது இழை இழையாகப் பிரிந்த ஃபெல்ட்ஸ்பாரை மறுபடி ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டால் என்ன வரும், இப்படி. இவற்றையெல்லாம்விட நம்பகமானது சில கனிமங்கள் ஜோடியாகச் சேர்ந்திருப்பது. சாஃபிரின் என்ற நீலநிறக் கனிமமும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சமநிலையில் இருந்தால், அந்தப் பாறை பொதுவாக 900 டிகிரிக்கு மேல் பார்த்தது என்று கொள்ளலாம். இந்த ஜோடியை 1968-இல் அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்திலிருந்து விவரித்தார்கள்.

பழனி மலையில் அப்படி என்ன கிடைத்தது?

கொடைக்கானல் ஏறும் மலைகளின் தென்கிழக்கு அடிவாரத்தில், வத்தலக்குண்டு – பெரியகுளம் சாலையில் கெங்குவார்பட்டி என்ற ஊர் இருக்கிறது. உலகக் கிராணுலைட் ஆராய்ச்சியில் அந்தப் பெயர் நன்கு தெரிந்த பெயர். 1980களிலிருந்து அங்கே சாஃபிரின் உள்ள கிராணுலைட்டுகள் ஆராயப்பட்டு வருகின்றன. 900 டிகிரிக்கு மேல், சில மதிப்பீடுகளில் 1000 டிகிரியை ஒட்டி. அழுத்தம் 8 முதல் 11 கிலோபார். கார்னெட் சிதைந்து சாஃபிரின், கார்டியரைட், ஆர்த்தோபைராக்சீன் இழைகளாகிக் கிடக்கும் காட்சி அங்கே மிகத் துலக்கமாக இருக்கிறது. அதாவது 30 கிலோமீட்டருக்குக் கூடுதலான ஆழத்தில் அந்தச் சூட்டைப் பார்த்து, சூடு தணியும் முன்பே மேலேறிய பாறை.

காலம் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுக்கு முன்பு. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, கிழக்கு அண்டார்டிகா எல்லாம் மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டமாகச் சேர்ந்த சமயம். மோதலில் எழுந்த மலைத்தொடரின் அடிவேர்தான் இன்று மதுரை, திண்டுக்கல், தேனி, கன்னியாகுமரி, கண்டி எல்லாம் நிற்கும் தரை. பாலக்காடு – காவிரி வழியாகக் கிழக்கு மேற்காக ஓடும் நறுக்குமண்டலத்துக்கு (பாறைகள் நழுவி நசுங்கிய நீண்ட பட்டை) வடக்கே, சேலம், நீலகிரி, சென்னைப் பக்கம், பாறைகளின் முக்கிய உருமாற்றம் 250 கோடி ஆண்டு வாக்கில் நடந்தது. தெற்கே 55 கோடி. ஒரே மாதிரி கரும்பச்சைச் சார்னோக்கைட்தான் இரு பக்கமும், ஆனால் நடுவில் ஏறக்குறைய 200 கோடி ஆண்டு இடைவெளி.

அப்படியானால் கொடைக்கானல் மலைதான் அந்தப் பழைய மலையா?

இல்லை. அந்தப் பழைய மலைத்தொடர் அரித்துத் தரைமட்டமாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றைய பழனி மலையும் நீலகிரியும் வெகு பின்னால், நிலம் உயர்ந்து, கெட்டியான பாறை அரிபடாமல் நின்றதால் உருவானவை. கல் பழையது, மலையின் வடிவம் புதியது.

அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது?

இன்னும் வாதம் நடக்கும் கேள்வி இது. எரிகுழம்பு கொண்டுவந்த சூடு ஒரு வாய்ப்பு. மேலோட்டுக்கு அடியிலிருந்து புவியின் உள்சூடு நெருங்கி வந்தது இன்னொன்று. என்னை மிகவும் ஈர்ப்பது மூன்றாவது: பாறையின் சொந்தச் சூடு. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் கதிரியக்கத்தால் சிறுகச் சிறுக வெப்பம் தருகின்றன. இவை நிறைந்த மேலோடு மடிந்து இரட்டைத் தடிமனாகி, அரிப்பு மெதுவாக நடக்கும் நிலையில் பல கோடி ஆண்டு கிடந்தால், வெளியேற வழியில்லாத சூடு உள்ளேயே சேர்ந்து 900 டிகிரியை எட்டலாம் என்று மாதிரிகள் காட்டுகின்றன. தென் தமிழகமும் கேரளமும் தோரியம் மிகுந்த பாறைகளுக்குப் பெயர்போனவை. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கனிமம் சேர்ந்தது அந்தப் பாறைகள் கரைந்து வந்ததால்தான்.

காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அந்தக் கடற்கரை மணலையே எடுத்துக்கொள்ளலாம். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட்: தாது மணல் பற்றிய செய்திகளில் வரும் இந்தப் பட்டியலைப் பாருங்கள். கார்னெட்டும் சில்லிமனைட்டும் அழுத்தமானி, ரூட்டைல் வெப்பமானி, சிர்கானும் மோனசைட்டும் கடிகாரம். ஓர் ஆராய்ச்சிக்கூடம் தேடிப் பிரிப்பதைக் கடல் அலை நமக்காகப் பிரித்து வைத்திருக்கிறது.

சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு உள்ளே காணும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு. ஒரே மணியில் இரண்டு கடிகாரம் ஓடுவதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். ஒரு சிர்கான் மணியின் நடுவில் ஒரு வயதும் ஓரத்தில் இன்னொரு வயதும் இருப்பது சாதாரணம். மரத்தின் வளையம்போல அடுக்கு அடுக்காக வளர்ந்திருக்கும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வயது கிடைத்துவிடும், ஆனால் பாதையின் எந்தப் புள்ளியின் வயது அது? இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். கனமான அருமண் தனிமங்களைக் கார்னெட் வாரிச் சுருட்டிக்கொள்ளும். ஆகவே கார்னெட் வளர்ந்த பிறகு உருவான சிர்கான் வளையத்தில் அவை குறைவாக இருக்கும். அந்த வளையத்தின் வயது, பாறை கார்னெட்டோடு இருந்த காலத்தின் வயது. ஆறிய வேகத்துக்கு வேறு கடிகாரங்கள்: ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமம் 500 டிகிரி வாக்கிலும் பயோடைட் 300 டிகிரி வாக்கிலும்தான் ஓடத் தொடங்குகின்றன. அவற்றின் வயதுகளை வரிசையாக வைத்தால், பாறை எப்போது எந்தச் சூட்டைக் கடந்தது என்று தெரியும்.

இமயமலையில் இதெல்லாம் இப்போது நடக்கிறதா?

நடக்கிறது. திபெத்தின் கீழே மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன், சாதாரணத்தைப்போல இரு மடங்கு. அங்கே ஆழத்தில் இன்று உருவாகிக்கொண்டிருப்பது நாளைய கிராணுலைட்.

மேலே வந்துவிட்டவையும் நிறைய. சிக்கிமில் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் ஒரு புதிரைச் சந்திக்கலாம். ஏற ஏற ஆழம் குறைய வேண்டும், பாறையும் குறைந்த சூட்டைக் காட்ட வேண்டும். அங்கே தலைகீழ்: கீழே கார்னெட், மேலே கயனைட், அதற்கும் மேலே சில்லிமனைட். சூடான பாறை ஆறியதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மைய நெட்டுவிசைப் பிளவு எனும் பெரும் பிளவு வழியாக ஆழத்துப் பாறை தெற்கு நோக்கித் தள்ளப்பட்டதே இதற்கு வழி. பகுதி உருகி இளகிய நடு மேலோடு, அழுத்திய குழாயிலிருந்து பசை வருவதுபோலப் பிதுங்கி வந்தது என்ற மாதிரியும் 2001-லிருந்து பலமாக விவாதிக்கப்படுகிறது.

லடாக்கின் த்சோ மொராரியில் கதை வேறு. அங்கே கார்னெட்டுக்குள் கோயசைட் சிக்கியிருக்கிறது. கோயசைட் என்பது குவார்ட்ஸின் உயர் அழுத்த வடிவம். அது உருவாக 27 கிலோபார் வாக்கில் அழுத்தம் வேண்டும்: 90–100 கிலோமீட்டர் ஆழம். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்பு, மோதலின் தொடக்கத்திலேயே இந்தியக் கண்டத்தின் விளிம்பு அவ்வளவு ஆழம் போய், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி தூரம் திரும்பியும் வந்துவிட்டது. கண்டப் பாறை இவ்வளவு ஆழம் போகும் என்று 1984-க்கு முன் பெரும்பாலோர் நம்பியதில்லை. அந்த ஆண்டு மேற்கு ஆல்ப்ஸில் கிறிஸ்தியான் ஷோப்பானும், நார்வேயில் டேவிட் ஸ்மித்தும் கோயசைட்டை அறிவித்த பிறகுதான் நிலைமை மாறியது.

அழுத்தம் என்றால் கட்டாயம் ஆழம்தானா?

பெரும்பாலும். தட்டுகள் பக்கவாட்டில் நெருக்கும் விசையும் அழுத்தத்தைக் கூட்டலாம், ஆகவே ஆழம் குறைவாகவே இருந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. சூடான பாறை இளகி அந்தக் கூடுதல் விசையைத் தாங்காது என்பதால் கிராணுலைட்டுகளுக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து.

சார்னோக்கைட் என்ற பெயர் எப்படி வந்தது?

கல்கத்தாவைத் தோற்றுவித்தவராக அறியப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் கல்வெட்டுப் பலகை பரங்கிமலை – பல்லாவரம் பாறையை ஒத்திருப்பதை இந்திய நிலவியல் ஆய்வகத்தின் தாமஸ் ஹாலண்ட் கவனித்து, 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். இன்று அண்டார்டிகாவிலும் நார்வேயிலும் பிரேசிலிலும் இந்தப் பாறைக்கு அதே பெயர்தான்.

நான் மாணவன். எங்கிருந்து தொடங்குவது?

பரங்கிமலையிலிருந்து. அங்குள்ள பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அறிவிக்கப்பட்டது. உடைக்கக் கூடாது, பார்த்தால் போதும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழுப்பு மினுக்குள்ள சின்ன மணிகளைத் தேடுங்கள், அதுதான் ஆர்த்தோபைராக்சீன். சிவப்புப் பொட்டு தெரிந்தால் கார்னெட். கிடைத்தால் அதன் ஓரத்தை நிதானமாகப் பாருங்கள்: கூர்மையாக முடிகிறதா, சுற்றிலும் மங்கலாக ஒரு வளையம் இருக்கிறதா என்று நோட்டில் எழுதி, ஒரு படமும் வரைந்துகொண்டு வாருங்கள். மழை பெய்து ஓய்ந்த காலை நேரம் நல்லது, ஈரக் கல்லில் நிறம் தெளிவாகத் தெரியும்.